முதலாவதாக வரும் பக்கம்

பிள்ளைகளே,

நீங்கள் மூன்று பேரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதனால் இதில் பிழைகள் இருந்தால் திருத்திக்கொண்டு வாசியுங்கள். ஒன்றை மட்டும் திருத்த வேண்டாம். இதில் நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. உங்கள் பெயர்கள் இல்லை, அம்மாவின் பெயர் இல்லை, எங்கள் ஊரின் பெயர்கூட இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. ஒரு பெயரைக் கடதாசியில் எழுதினால் அது அந்தக் கடதாசியோடு கிடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். அப்படிக் கிடக்காது என்று பட்டுப் படித்த பிறகு எழுதுகிறேன். இந்தக் கொப்பியை நீங்களும் படம் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது.

நடந்ததில் முதற்பாதி உங்களுக்குத் தெரியும். என்றாலும் முதலில் இருந்தே சொல்கிறேன். கடைசிப் பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு எல்லாவற்றையும் மறைத்து மறைத்துத்தான் சொன்னோம்.

வெள்ளிக்கிழமைகளில் நான் அம்மன் கோயிலைக் கூட்டித் துப்புரவு செய்வேன். சம்பளத்துக்கு இல்லை, தொண்டாக. ஐயர் பூசைக்கு முதல் பழைய மாலைகளைக் களைந்து வெளியே வைப்பார். நான் அவற்றைக் கடகத்தில் அள்ளிக்கொண்டுபோய்ப் பின்வீதியில் வெட்டியிருந்த கிடங்கில் கொட்டுவேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மனின் கழுத்தில் தாலி இல்லை என்று ஐயர் கண்டார். அன்றைக்குக் கோயிலுக்கு வந்துபோன ஆட்களை நிர்வாக சபை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தது. எண்ணிக்கொண்டு வந்து கடைசியில் என்னிடம் நின்றது. மற்றவர்களுக்கெல்லாம் அந்தக் கோயிலில் ஒரு திருவிழா இருந்தது, உபயம் இருந்தது. என்னுடைய தாயும் தகப்பனும் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிவாங்கிக்கொண்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். நான் இந்த மண்ணில்தான் பிறந்தேன், இந்த ஆட்களோடுதான் இடம்பெயர்ந்தேன், ஒரே பங்கருக்குள் இருந்தேன். என்றாலும் ஆள் எண்ணும்போது அந்தப் பழைய கதை கணக்கில் வந்துவிடும்.

பொலிஸ் வந்து என்னை ஏற்றியபோது நான் வெறும் மேலோடு நின்றேன். கையில் விளக்குமாறு. யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். அதை நான் கண்டேன். அந்த நேரத்தில் அது ஒரு பெரிய விசயமாகத் தெரியவில்லை.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை எழுதப் போவதில்லை. கதிரையில் இருத்தவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான்காம் நாள் காலையில், கோயிலுக்குப் பக்கத்துக் காணிக் கோழிகள் கிடங்கைக் கிளறின. கோழிகளைக் கலைக்க வந்த அந்த வீட்டு அம்மா, அழுகின பூக்களுக்குள் மஞ்சள் கயிற்றைக் கண்டு இழுத்தார். தாலி அதிலேயே கிடந்தது. கயிறு இற்றுப்போய், மாலையோடு மாலையாகக் கழன்று வந்திருக்கிறது. ஐயரும் கவனிக்கவில்லை. கொட்டிய நானும் கவனிக்கவில்லை. கள்ளன் என்று ஒருவனே இல்லை.

என்னை விட்டார்கள். வழக்கு ஒன்றும் பதியப்படவில்லை. ஆனாலும் கோயில் நிர்வாக சபைச் செயலாளர் ஒரு சொல் சொன்னார்.

“சனத்தின்ர வாய்க்கு ஒரு கற்பூரத்தை அணைச்சிட்டுப் போங்கோவன். உங்களுக்கும் நல்லதுதானே.”

செய்யாத களவுக்கு, கிடைத்துவிட்ட தாலிக்கு, நான் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். எங்கள் ஊரில் அதற்குமேல் கதை இல்லை. அடுத்த வெள்ளி நான் மறுபடி கூட்டப் போனேன். எல்லாரும் கதைத்தார்கள். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினோம். ஓமந்தைப் பக்கத்து இடம் ஒன்று. தரகர் ஒரு நாள் விடிய வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கதைத்தார். இறங்காமல் கதைக்கும் தரகர் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை.

“குறிப்பு நல்லாப் பொருந்துது அண்ணை. அதில ஒரு பிரச்சினையும் இல்லை.”

“பிறகென்ன?”

“பெடியன்ர தமக்கை வெளிநாட்டிலயெல்லே. அவா பிள்ளையின்ர முழுப்பேரையும் போட்டுத் தேடிப் பாத்தவாவாம்.”

“எங்க தேடினவா?”

“போனிலதான். வேற எங்க தேடுறது, காட்டுக்கையோ?” என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “உங்கட படம் வந்ததாம் அண்ணை. விளக்குமாத்தோட.”

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயர் நிற்கும். பிறப்புச் சான்றிதழில், பள்ளிக்கூடத்தில், சோதனைப் பெறுபேற்றில், எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் நான் நடந்துபோவேன். அவளைத் தேடியவர்கள் என்னைக் கண்டிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் நடுவிலானைக் கூப்பிட்டு, என் பெயரைப் போட்டுத் தேடித் தா என்று கேட்டேன். மகனே, நீ போனை என்னிடம் நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உனக்கு முதலே தெரியும் என்று அப்போதுதான் விளங்கியது. போனை வாங்கினேன். 

பதினொரு பக்கங்கள் இருந்தன. ‘அம்மன் தாலியைக் களவாடிய ஆசாமி வசமாகச் சிக்கினார்.’ எல்லாவற்றிலும் இதே தலைப்பு, இதே படம். பொலிஸ் பிடித்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. அதில் ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்தார்கள். பதினொன்றிலும் ஐம்பத்திரண்டு. ‘மலையகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட’ என்ற சொல்லும் பதினொன்றிலும் இருந்தது. தாலி கிடைத்த செய்தி ஒன்றிலும் இல்லை. அது ஒரு பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரியாக வந்தது. அதை நான் வெட்டி அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

உங்கள் அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இன்னும் மலைநாட்டுப் பேச்சை முழுக்க விடவில்லை. “கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல உங்க பேர நான் வாய் தொறந்து சொன்னதில்லங்க,” என்றார். “கண்டவனெல்லாம் இப்பச் சொல்றான்.”

சந்தியில் போட்டோக்கொப்பி அடிக்கிற, படிவம் நிரப்பிக் கொடுக்கிற தொடர்பகம் ஒன்று இருக்கிறதல்லவா. அதை நடத்துகிற பிள்ளையிடம் மறுநாள் போனேன். கொம்பியூட்டர் படித்த பிள்ளை. வாயும் கொஞ்சம் கூட.

“பிள்ளை, இந்தத் தேடுற கொம்பனிக்கு வவுனியாவில ஒப்பீஸ் இருக்கோ?”

“ஓம், கச்சேரிக்குப் பக்கத்தில. செவ்வாய் வெள்ளியில பொதுமக்கள் நாள்,” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் உண்மையாகவே கேட்டிருக்கிறேன் என்று விளங்கியதும் சிரிப்பை நிற்பாட்டினார். “இருங்கோ அண்ணை. முதல்ல என்ன எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். அந்தப் பதினொரு தளங்களுக்கும் எனக்காகக் கடிதம் எழுதினார். பத்திரிகைத் துண்டையும் படம் எடுத்துச் சேர்த்தார். இரண்டு தளங்களுக்கு அனுப்ப முகவரியே இல்லை. ஒன்று எடுத்துவிட்டது. மற்றவை பதில் போடவில்லை. தேடுற கொம்பனிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டார். “இதுக்கெல்லாம் நாள் எடுக்கும். பொறுத்திருங்கோ, நீங்களா ஒண்டும் செய்யாதேங்கோ,” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நான் பொறுத்திருக்கவில்லை. இங்கேதான் என் பிழை.

எங்கள் பக்கத்து வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். ரோட்டுத் திருத்தவில்லையா, மகஜர். பஸ் நிற்காமல் போகிறதா, மகஜர். யானைவேலிக்கு மகஜர், குளத்துக் கட்டுக்கு மகஜர். ஒரு ஆள் போய்ச் சொன்னால் எடுபடாது, நூறு கையெழுத்தோடு போனால் கச்சேரியில் அதிகாரிகள் எடுத்துப் பார்ப்பார்கள். என் வாழ்க்கையில் மேலிடத்தோடு கதைக்க நான் படித்த ஒரே வழி அதுதான். தேடுற இடத்துக்கும் அப்படித்தான் போகவேண்டும் என்று நினைத்தேன். சனமெல்லாம் சேர்ந்து அந்தப் பக்கத்துக்குப் போய், கீழே இது பொய் என்று எழுதினால், மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள்தானே. மேலே யாரோ இருக்கிறார்கள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு நாள் வீடு வீடாகப் போனேன். போனுள்ள எல்லாரும் உதவி செய்தார்கள். அதை மறக்கக் கூடாது. என்னை எண்ணிப் பிடித்த ஊர்தான், ஆனால் அந்த நாலு நாளும் ஒரு வீட்டிலும் இல்லையென்று சொல்லவில்லை. கமக்காரர் அமைப்பில் ஒரு அண்ணை இருக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாது.

“எனக்கு எழுத வராது தம்பி. பெருவிரல் வைக்கலாமோ?”

அவருடைய மகள் உள்ளேயிருந்து சொன்னாள்: “அதிலயும் ஒரு பெருவிரல் படம் கிடக்கு அப்பா, அதை அமத்துங்கோ.”

அவர் அதை அழுத்தினார். அது, கள்ளன் சிக்கினான் என்ற செய்தி நன்று என்று சொல்கிற பெருவிரல். எழுத வராத வேறு ஆட்களும் அதையே அழுத்தினார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சனத்துக்கும் சொன்னோம். அவர்கள் தங்கள் சங்கப் பக்கங்களில், எங்கள் ஊரவருக்கு நடந்த அநியாயத்தைப் பாருங்கள் என்று எழுதி, பார்ப்பதற்கு அந்தச் செய்தியின் தொடுப்பையே போட்டுவிட்டார்கள். மூன்று சங்கங்கள் போட்டன. ஆட்கள் குழுக்களுக்குள் அனுப்பினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். இவ்வளவு பேர் எனக்காக எழும்பியிருக்கிறார்கள் என்று.

மூன்று கிழமை போனது. நடுவிலான் வந்து, “அப்பா, இனி ஆரிட்டையும் சொல்லாதேங்கோ,” என்றான். போனைக் காட்டினான். முன்பு என் பெயரைப் போட்டால்தான் அந்தப் பக்கங்கள் வந்தன. இப்போது ஊரின் பெயரை மட்டும் போட்டாலே முதலாவதாக நான் வந்தேன். கோயிலின் பெயரைப் போட்டால் மூன்றாவதாக வந்தேன். புதிதாகவும் சில தளங்கள் எழுதியிருந்தன: ‘தாலித் திருட்டுச் சந்தேகநபருக்காகத் திரண்ட கிராமம்.’ அதே விளக்குமாறு, அதே ஐம்பத்திரண்டு வயது. ஒன்று போய்ப் பத்தாக இருந்தது இப்போது பதினெட்டு.

தொடர்பகத்துப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார்.

“அண்ணை, ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு சொன்னனான்.”

“நல்லதுக்குத்தானே பிள்ளை செய்தனான்.”

“இருங்கோ.” ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். “இது எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரியாமல் இதோட சண்டை பிடிக்கேலாது.”

அன்று அவர் சொல்லித் தந்ததைத்தான் நீங்கள் முக்கியமாக அறியவேண்டும். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். எனக்கு அது ஐம்பது வயதுப் பாடம்.

“நீங்கள் பேரை அடிச்ச உடன அது ஓடிப்போய்த் தேடுது எண்டு நினைக்கிறியள். இல்லை அண்ணை. அது முதலே போயிட்டு வந்திட்டுது.”

“எங்க போயிட்டு?”

“எல்லா இடமும். ஒரு பக்கத்தில இருக்கிற தொடுப்பை அமத்தினா மற்றப் பக்கம் திறக்குமெல்லே? அந்த வழியளால அது ஓயாமல் நடந்து திரியும். மனிசர் இல்லை, மிசின். போற இடத்தில கிடக்கிற சொல்லெல்லாத்தையும் எடுத்து ஒரு பெரிய இடாப்பில பதிஞ்சு வைக்கும். இந்தச் சொல் இந்த இந்தப் பக்கத்தில கிடக்கு எண்டு. நீங்கள் கேக்கேக்க இடாப்பைத்தான் புரட்டுது.”

“அப்ப தாலி கிடைச்ச செய்தி?”

“அது எங்க இருக்கு?”

“அலுமாரிக்குள்ள.”

“உங்கட அலுமாரிக்கு வழி இல்லையே அண்ணை. அந்தப் பத்திரிகையும் உள்பக்கத்தை நெற்றில போடேல்ல. அப்ப அந்த மிசினுக்குத் தாலி இன்னும் கிடைக்கேல்ல.”

 பிறகு அடுத்ததைக் கேட்டேன். பதினெட்டுப் பக்கத்தில் எதை முன்னுக்கு விடுவது, எதைப் பின்னுக்கு விடுவது என்று யார் தீர்மானிப்பது, ஏதாவது விசாரணை வைப்பார்களா என்று. என் மனதில் இருந்தது கூட்டுறவுக் கடை வரிசை. முதலில் நிற்பவர் முதலில் வந்தவராக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சோதனைப் பெறுபேறு. முதலில் நிற்பது திறமானதாக இருக்கவேண்டும்.

“விசாரணையோ?” என்றார். “கன விசயத்தைக் கூட்டிக் கழிச்சுத்தான் வரிசைப்படுத்தும். முழுக்க எப்பிடி எண்டு அவங்கள் சொல்லமாட்டாங்கள். ஆனா ஒரு பெரிய விசயம், மற்றப் பக்கங்கள் எத்தினை இந்தப் பக்கத்தைக் கைகாட்டுது எண்டது. காட்டுறது ஆர் எண்டும் பாக்கும். நாலு பேர் மதிக்கிற ஆள் காட்டினா நிறை கூட. உங்கட வெளிநாட்டுச் சங்கங்கள் பழைய பக்கங்கள், கன பேர் போய் வாற இடம். அவையள் மூண்டு பேரும் கைகாட்டியிருக்கினம்.”

“அவையள் இது பொய் எண்டெல்லோ காட்டினவை?”

“மிசினுக்குக் கை மட்டும்தான் தெரியும். கும்பிட்டுக் காட்டினாலும் காறித் துப்பிக் காட்டினாலும் காட்டினது காட்டினதுதான். இத்தினை பேர் காட்டினம், அப்ப இது முக்கியமான பக்கம் எண்டு தூக்கி முன்னுக்கு வைக்கும். பிறகு முன்னுக்கு இருக்கிறதைத்தான் சனம் திறக்கும். புதுசா எழுதிறவனும் முன்னுக்கு இருக்கிறதைப் பாத்துத்தான் எழுதுவான். அதுதான் உங்களுக்கு எல்லா இடமும் ஐம்பத்திரண்டு வயசு.”

நான் நாலு நாள் சைக்கிள் ஓடிச் சேர்த்தது என்ன என்று அப்போது விளங்கியது. அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டுபோய் என்னைக் கைகாட்டச் செய்திருக்கிறேன்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். மெதுவாக, என்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பெரிய ஆக்களைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தா அது கீழ போயிடும் அண்ணை. ஏனெண்டா அவையளைப் பற்றி வேற ஆயிரம் கிடக்கு. உங்கட பேரில வேற ஒண்டுமே இல்லை.”

உண்மைதான். நான் கிணறு வெட்டினேன். பொறுப்பெடுத்த வயலில் ஒரு போகமும் விடாமல் விதைத்தேன். உங்களைத் தோளிலும் இடுப்பிலும் தூக்கிக்கொண்டு இடம் இடமாக ஓடினேன், மூன்று பேரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தேன். இதில் ஒன்றுக்கும் ஒரு பக்கம் இல்லை. அந்த இடாப்பில் நான் பிறந்தது, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஐம்பத்திரண்டு வயதில், விளக்குமாறோடு.

“வழியே இல்லையோ?” என்று கேட்டேன்.

“ஒரு வழி இருக்கு. கோயிலுக்கு ஒரு தளம் இருக்கெல்லே. கன சங்கங்கள் அதைக் கைகாட்டுது. நல்ல நிறையான இடம். தாலி இன்ன இடத்தில கிடைச்சது, இன்னார் குற்றமற்றவர் எண்டு கோயிலே ஒரு பக்கம் போட்டா, அது மேல வரும். உறுதியாச் சொல்லமாட்டன். ஆனா வரும் எண்டுதான் நினைக்கிறன்.”

செயலாளரின் வீட்டுக்குப் போனேன். அவர் விறாந்தையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

“நல்ல யோசனைதான்,” என்றார். “ஆனா கிடைச்சது எண்டு போட, துலைஞ்சது எண்டும் போடவேணுமெல்லே?”

“ஓம் ஐயா.”

“மாலை களையேக்க ஐயர் கவனிக்கேல்ல எண்டும் வரும். விசாரிக்காமல் பொலிசுக்குச் சொன்னது எண்டும் வரும். கும்பாபிஷேகம் கிட்டுது, வெளிநாட்டுச் சனம் எங்கட தளத்தைப் பாத்துத்தான் வாறது. கோயிலின்ர பேரையும் யோசிக்கவேணும்.”

“என்ர மகளுக்கு வந்த சம்பந்தம் குழம்பிப்போச்சு ஐயா. இதை எடுக்காட்டி இனி வாறதும் குழம்பும்.”

அவர் பேப்பரை மடித்தார். “உங்கட ஆக்களுக்குள்ள பாருங்கோவன். அங்க ஆர் உதெல்லாம் தேடப் போகினம்?”

அடுத்த வெள்ளி நான் கூட்டப் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவுமில்லை. தேடுற கொம்பனிக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு ஒரு பதில் வந்தது. செய்தியை எழுதிய தளங்களோடு கதையுங்கள் என்று. அவ்வளவுதான்.

அதன் பிறகு இன்னும் இரண்டு இடம் பேசி, இரண்டும் நின்றன. காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மூத்தவள் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. அவள் தன் பெயரைத் தேடிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நான்தான் நிறுத்தாமல் ஒவ்வொரு காலையும் பார்த்தேன், அந்தப் பக்கங்கள் இரவில் கீழே இறங்கியிருக்குமா என்று. பூவரசங்குளத்துக்கு விதைநெல் எடுக்கப் போன நாளிலும், வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அக்கராயனில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். தகப்பன் இல்லை, தாய் தனியாக வயல் செய்து படிப்பித்தவர். இந்தமுறை நான் தேடவிடவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, பலகாரத்தட்டு வைக்க முதல், எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் நானே சொன்னேன். பத்திரிகைத் துண்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டு நாலு வரியையும் வாசித்தார்.

“கோழிக்குக் கிடைச்சது பொலிசுக்குக் கிடைக்கேல்லையாக்கும்,” என்றார். துண்டை மடித்து என்னிடம் தந்தார். “நான் முந்தியே பாத்திட்டன். மகன் காட்டினவன். பாத்துப்போட்டுத்தான் வந்தனான்.”

“பாத்துப்போட்டுமோ வந்தனீங்கள்?”

“வந்து ஆளைப் பாத்தாத்தானே தெரியும். பிள்ளையைக் கூப்பிடுங்கோவன், தேத்தண்ணி ஆறப்போகுது.”

அந்த வீட்டில் இருந்து ஒரு நாளும், ஒரு சொல்லும், என் பெயரைப் பற்றி வரவில்லை. இதை நன்றாக வாசியுங்கள். ஒரு சொல்லும் வரவில்லை.

ஆனால் கலியாணக் கார்ட் வந்தபோது அதில் என் பெயர் இல்லை. நீங்கள் மூன்று பேரும் கொதித்தீர்கள். மாமியார்தான் அச்சகத்தில் சொல்லி எடுப்பித்தார் என்று முடிவு கட்டினீர்கள். மூத்தவளே, நீ அதற்காகத்தான் இன்றைக்கும் அவரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று மாப்பிள்ளை போன மாதம் வந்து சொல்லிக் கவலைப்பட்டார். அந்த அம்மாவும், செய்யவில்லை என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டாராம். செய்யாத ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் நடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு நான் இத்தனை மாதம் பேசாமல் இருந்தேன். இந்தக் கொப்பியை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். அவரிடம் போய்ப் பேசு, பிள்ளை. கோபம் இருந்தால் அதை என்னிடம் கொண்டு வா.

கார்டை அச்சடிக்கக் கொடுத்தது அதே தொடர்பகத்தில்தான். வாசகத்தை மூத்தவளே எழுதிக் கொடுத்திருந்தாள். என் பெயர் முதல் வரியில், முழுதாக. மாப்பிள்ளையின் உறவுகள் கார்டைக் கண்ட இடமெல்லாம் போடுவார்கள், வாழ்த்து எழுதுவார்கள், அவர் பெயரும் இவள் பெயரும் என் பெயரும் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும். அந்த மிசின் நடந்து வந்து மூன்றையும் சேர்த்துப் பதியும். இனிப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு முன்னால் மாப்பிள்ளையின் பெயர்தான் நிற்கும். அந்தப் பெயரில் இன்றுவரை ஒரு கறையும் இல்லை. அதை நான் தேடிப் பார்த்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை பத்து மணியளவில் பிழை பார்க்கப் போனேன். பிள்ளை மாதிரிப் பிரதியை என் கையில் தந்துவிட்டு, கரண்ட் பில் கட்ட வந்தவர்களோடு வெளியே போய்விட்டார். கடைக்குள் நான் மட்டும். முதல் வரியை வாசித்தேன். தாயின் பெயர் மட்டும் நின்றால், பார்க்கிறவர்கள் தகப்பன் இல்லாத பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். சண்டைக்குப் பிறகு எங்கள் மாவட்டங்களில் அப்படியான கார்டுகள் எவ்வளவோ. ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை.

மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்தேன். ‘திரு’வில் இருந்து தொடங்கி என் பெயர் முடியுமட்டும் ஒரு கோடு கீறினேன். மற்ற வரிகளையும் விரல் வைத்து வாசித்தேன். முகூர்த்த நேரம் சரி, மண்டபம் சரி, மகளின் பெயர் சரி. அடியில், திருத்தம் பார்த்தவர் கையொப்பம் என்று ஒரு கோடு விட்டிருந்தது. அதில் ‘சரி’ என்று எழுதி, என் கையெழுத்தை வைத்தேன்.